சாட்சியும் பிழைதிருத்தமும்: கிறித்தவப் பதிப்புச் சூழலில் எழுதுகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

1

தமிழில் அச்சு ஞானோபதேசமாகத்தான் தொடங்கியது. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கம்தான். முத்துக்குளித்துறைப் பரவர்கள் கொடுத்த பணம் இந்த அச்சு வேலைக்குள் இருந்தது. பணம் கொடுத்தவர்கள் ஜெபிக்கவேண்டிய வார்த்தைகளை என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் முடிவு செய்தார். வாசகன் காசு கொடுக்கிறான். பாதிரியார் சொல் கொடுக்கிறார். நானூற்றைம்பது வருஷம் ஆகப்போகிறது, இந்த ஏற்பாடு பெரிதாக மாறிவிட்டதாகச் சொல்லமுடியாது.

கிறித்தவப் பதிப்பு பற்றி நம் சிறுபத்திரிகைக்காரர்கள் பேசுவதில்லை. பேசினாலும் 'மிஷனரிகள் உரைநடைக்குச் செய்த தொண்டு' என்று ஒரு பாடப்புத்தக அத்தியாயத்தோடு சரி. எம்.ஏ. தமிழ் படித்த எல்லோரும் அந்த அத்தியாயத்தை மனப்பாடம் செய்து எழுதியவர்கள்தான். வீரமாமுனிவர், கால்டுவெல், போப் என்று பட்டியல் போட்டால் பத்து மார்க். ஆனால் இன்றைக்கும் திருச்சபைப் பத்திரிகைகள், கன்வென்ஷன் பந்தல் புத்தகக் கடைகள், குருத்துவப் பொன்விழா மலர்கள், சாட்சி நூல்கள், பாட்டுப் புத்தகங்கள் என்று ஒரு பெரிய அச்சு உலகம் நம் கண்ணெதிரே இயங்குகிறது. அதில் எழுதுகிறவர்களில் கணிசமானோர் தலித்துகள், மீனவர்கள், பெண்கள், கிராமத்து ஆசிரியர்கள், உபதேசியார்கள். இலக்கியச் சூழல் இவர்களை எழுத்தாளர்களாக எண்ணுவதில்லை. திருச்சபையோ இவர்களுடைய எழுத்தைத் தன் ஊழியத்தின் ஒரு கிளையாக எண்ணுகிறது. இரண்டு பக்கமும் இவர்களது கைப்பிரதிக்கு என்ன நடக்கிறது என்று கேட்பதற்கு ஆளில்லை. இந்தக் கட்டுரை அதைத்தான் கேட்கிறது. கேட்டுவிட்டு, எழுதுகிறவர் என்ன செய்யலாம் என்றும் சொல்லப் பார்க்கிறது.

2

ஒரு கைப்பிரதியின் கதையிலிருந்து ஆரம்பிக்கலாம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1713-இல் 'மலபார் தெய்வங்களின் வம்சாவளி' என்ற நூலை ஜெர்மன் மொழியில் எழுதி ஹாலே நகருக்கு அனுப்பினார். நம் ஊர்த் தெய்வங்களைப் பற்றி, கிராமத் தேவதைகளைப் பற்றி, தமிழர்களிடமே கேட்டு எழுதிய நூல். ஹாலேயில் பொறுப்பிலிருந்த பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பிய ஆள் அஞ்ஞானத்தை ஐரோப்பாவில் பரப்பக்கூடாது என்பது அவரது நிலைப்பாடு. 154 வருஷம் கழித்து, 1867-இல் சென்னையில் ஜெர்மான் என்பவர் அதைப் பதிப்பித்தார். அவரும் தன் பங்குக்குத் திருத்தி, சேர்த்து, மாற்றித்தான் வெளியிட்டார். சீகன்பால்கு எழுதியபடியான பிரதிக்கு நிகழ்காலம்வரை காத்திருக்கவேண்டி வந்தது.

இந்தக் கதையில் எழுதுகிறவர் கவனிக்கவேண்டியது மூன்று. ஒன்று, பிரதி மோசமாக இருந்ததால் மறுக்கப்படவில்லை. மிக நன்றாகக் கேட்டு எழுதப்பட்டதால்தான் மறுக்கப்பட்டது. இரண்டு, மறுத்தவர் எதிரியல்ல, அதே சபையின் ஆள், அதே நோக்கத்துக்காகப் பணம் திரட்டியவர். மூன்று, கடைசியில் பதிப்பித்தவரும் 'திருத்தாமல்' விடவில்லை. நிராகரிப்பு, அன்பான நிராகரிப்பு, அன்பான திருத்தம் - கிறித்தவப் பதிப்பில் அதிகாரம் இந்த மூன்று உடைகளில் வருகிறது. மூன்றாவதுதான் கண்டுபிடிக்கக் கஷ்டமானது.

கடவுளுக்கான சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். என்றிக்கஸ் 'தம்பிரான்' என்றார். கத்தோலிக்கர்களிடம் 'சர்வேசுரன்' நிலைத்தது. பப்ரிசியஸ் வேதாகமத்தில் 'பராபரன்'. பின்னால் வந்த, இன்றும் புராட்டஸ்டன்ட் வீடுகளில் இருக்கும் மொழிபெயர்ப்பில் 'தேவன்'. 1995-இல் இரு சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியத்தில் 'கடவுள்'. ஒவ்வொரு முறையும் இது மொழிச் சீர்திருத்தம் என்றே சொல்லப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு தலைமுறை ஜெபித்துப் பழகிய சொல் தப்பாகிப்போனது. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆனபோது கிழவிகள் யாரும் ஆலோசனைக் குழுவில் இல்லை.

இதைச் சொன்னதும் 'ஆமாம், மக்கள் மொழியை நிறுவனம் அழிக்கிறது' என்று ஒரு முடிவுக்கு ஓடிவிடலாம். அவ்வளவு லேசாக இல்லை. 1820களில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பப்ரிசியஸ் வேதாகமத்தையும் பழைய பாட்டுகளையும் புதிய மிஷனரிகள் திருத்துவதைக் கடுமையாக எதிர்த்தார். எழுத்தாளன் தன் மொழிக்காக நின்ற காட்சி என்று இன்றைக்கு நாம் கைதட்டலாம். ஆனால் அதே ஆண்டுகளில் அதே சாஸ்திரியார், கோயிலுக்குள் சாதியாசாரம் தொடரவேண்டும் என்றும் எழுதினார். வேளாளர் ஒரு பக்கம், தலித்துகள் ஒரு பக்கம் என்று உட்காரும் வழக்கத்தை மிஷனரிகள் மாற்ற வந்தபோது, மொழியும் சாதியும் ஒரே 'எங்கள் வழக்கம்' என்ற பெயரில் பாதுகாக்கப்பட்டன. ஆகவே, எடிட்டரை எதிர்ப்பதாலேயே யாரும் கலகக்காரர் ஆகிவிடுவதில்லை. எந்தச் சொல்லை, யாருக்காக, எதைக் காப்பாற்றுவதற்காக விட்டுக்கொடுக்க மறுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இன்னொரு உதாரணமும் உண்டு. ஆறுமுக நாவலர் பெர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர். ஒரு வாக்கியத்தை எப்படித் திருத்துவது, அச்சுக்கு எப்படிக் கொடுப்பது, பள்ளிக்கூடத்துக்கு ஏற்ற வசனநடை எது என்ற தொழிலெல்லாம் அந்த மேசையில் அவருக்குக் கைவந்தது. 1849-இல் சென்னை போய் அச்சு இயந்திரம் வாங்கிவந்து, மிஷனுக்கு எதிராகவே அதை ஓட்டினார். நாவலரின் சைவமும் சாதியும் நமக்கு உவப்பானவை அல்ல. அது வேறு விஷயம். திருத்தும் தொழிலை யாரிடமிருந்தும் கற்றுக்கொள்ளலாம், யாருக்கும் அடிமையாகாமல் அதைத் தூக்கிக்கொண்டு போகவும் செய்யலாம் என்பதற்கு இது சான்று.

3

இனி 'சாட்சி'க்கு வருவோம். கிறித்தவப் பதிப்புச் சூழலின் மைய இலக்கிய வடிவம் நாவலும் அல்ல, கவிதையும் அல்ல, சாட்சிதான். அதன் அமைப்பு எல்லோருக்கும் தெரியும். இருட்டில் இருந்தேன், குடித்தேன், நோயில் விழுந்தேன். ஒரு ராத்திரி, ஒரு வசனம், ஒரு குரல். இப்போது வெளிச்சத்தில் இருக்கிறேன். இதில் சொல்பவன் உண்மையையே சொல்கிறான். அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த அச்சு எந்த உண்மையை உள்ளே விடுகிறது, எதை வாசலில் நிறுத்துகிறது?

மனமாற்றத்துக்கு முந்திய துன்பம் எல்லாம் உள்ளே வரலாம். பிந்திய துன்பத்துக்கு இடமில்லை. முழுக்கு எடுத்த பிறகும் தனிக் கல்லறை, தனித் தெரு, தேர் போகாத வீதி, ஃபாதர் சாப்பிடாத வீடு - இவையெல்லாம் அந்தக் கதையாடலில் 'பொருந்தாத' பகுதிகள். பொருந்தாததை எடிட்டர் நீக்குவார். அல்லது எழுதுகிறவரே எழுதும்போதே நீக்கிவிடுவார். 2008 மார்ச்சில் ஏறையூரில் வன்னியக் கிறித்தவர்களுக்கும் தலித் கிறித்தவர்களுக்கும் இடையிலான மோதல் துப்பாக்கிச் சூடு வரை போனது. அந்த ஊரில் வளர்ந்த ஒருவர் சாட்சி எழுதினால் அந்த நாள் எந்தப் பக்கத்தில் வரும்? இருட்டிலா, வெளிச்சத்திலா?

இந்த அச்சை உடைத்த பிரதி பாமாவின் 'கருக்கு'. 1992-இல் வந்தது. அது வெளிவந்த இடம் இங்கே முக்கியம்: மதுரையில் இயேசு சபையினர் நடத்திய ஐடியாஸ் மையம். கன்னியர் மடத்துக்குள் போய், ஏழைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பி, உள்ளே சாதியையும் சொகுசையும் பார்த்து வெளியேறிய பெண்ணின் பிரதி அது. சாட்சியின் திசையையே அது திருப்பிப் போட்டது. உள்ளே போவதல்ல, வெளியே வருவதுதான் அதன் மீட்பு. மொழியிலும் அதேதான். வேதாகமத் தமிழும் இல்லை, வானொலித் தமிழும் இல்லை. தெருவில் பேசுகிற தமிழ், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. திருச்சபைக்குள்ளேயே இருந்த ஒரு சிறு மையம் அதை வெளியிட்டது என்பதை இரண்டு தரப்பும் மறந்துவிடுகின்றன. கிறித்தவப் பதிப்பு முழுக்கவும் ஒரே பாறை அல்ல. அதில் விரிசல்கள் இருக்கின்றன. எழுதுகிறவர் தேடவேண்டியது அந்த விரிசலைத்தான்.

இன்னொரு விரிசல் அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்தது. தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று அறியப்பட்டவர், 2005-இல் காலமானார். கிராமியப் பாட்டு மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்கள் கட்டினார். கடவுளை 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். ஆணா பெண்ணா என்ற கேள்வி அந்த ஒரு சொல்லில் கரைந்துபோகிறது. பாடுகிறவர்கள் வார்த்தையை மாற்றிப் பாடினால் அது பிழையல்ல, அதுதான் பாட்டின் உயிர் என்ற நிலைப்பாடு அவருடையது. அச்சுப் பிரதியின் புனிதத்தை இதைவிடச் சுலபமாகக் கட்டுடைத்தவர் நம் கோட்பாட்டுக்காரர்களிலும் அதிகமில்லை.

ஆனால் கணக்குப் பார்த்தால் விரிசல்கள் குறைவு. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964), இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994), ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) - தமிழ்க் கிறித்தவ வாழ்வை உள்ளபடி சொன்ன இந்த நாவல்கள் எவற்றையும் திருச்சபைப் பதிப்பகங்கள் கொண்டுவரவில்லை. வண்ணார் குடும்பத்து ஆரோக்கியமும் அந்தோணியார் கோயிலும் வரும் நாவலை ஒரு க்ரியா வெளியிட முடிகிறது. மறைமாவட்ட அச்சகத்தால் முடிவதில்லை. ஏன் என்பதற்குப் பதில் திறமையின்மை அல்ல. அங்கே கைப்பிரதியை வாசிக்கிறவர் 'இது நல்ல எழுத்தா?' என்று கேட்பதற்கு முன்பே 'இது யாருக்கு இடறலாக இருக்கும்?' என்று கேட்டுவிடுகிறார்.

4

சரி, அப்ப எழுதுகிறவர் என்னதான் பண்றது? தத்துவம் பேசிட்டுப் போயிடலாம்; கைப்பிரதியோட நிக்கிற ஆளுக்கு அது உதவாது. ஆகவே சில நடைமுறைக் குறிப்புகள்.

முதலில் மொழி. உங்கள் பாட்டி எப்போது 'கர்த்தர்' என்றார், எப்போது 'சாமி' என்றார், எப்போது 'ஏசப்பா' என்றார் என்று கவனித்து எழுதுங்கள். பாத்திரம் வேதாகமத் தமிழில் பேசினால் அதற்கு ஒரு காரணம் இருக்கட்டும். உபதேசியார் கோயிலில் ஒரு மொழியும், வட்டிக்காரனிடம் ஒரு மொழியும் பேசுவார். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கதை இருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் வசனத்தோடு முடிக்கிற பழக்கத்தை விடுங்கள். வசனம் வந்ததும் வாசகன் யோசிப்பதை நிறுத்திவிடுகிறான்.

இரண்டாவது, வாசித்துக் காட்டுங்கள். உங்கள் நண்பர்களான எழுத்தாளர்களுக்கு அல்ல. நீங்கள் யாரைப்பற்றி எழுதினீர்களோ அவர்களுக்கு. ஜெபக்கூட்டம் முடிந்ததும் பத்து நிமிஷம் கேட்டால் உட்காருவார்கள். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே தலை குனிகிறார்கள், எங்கே 'இதைப் போடாதப்பா' என்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். போடாதே என்று சொன்னதைப் போடுவதா வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. யார் சொன்னது என்பதைப் பொறுத்தது அது. பாதிக்கப்பட்டவள் சொன்னால் கேளுங்கள். பங்குப் பேரவைத் தலைவர் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

மூன்றாவது, திருத்தங்களைத் தரம் பிரியுங்கள். எடிட்டரிடமிருந்து திரும்பி வரும் பிரதியில் மூன்று வகைத் திருத்தம் இருக்கும். ஒற்றுப்பிழை, பெயர்க் குழப்பம், ஆண்டு தவறு - இதை நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள். இதில் ரோஷம் காட்டுவது வீண். இரண்டாவது, புரியவில்லை என்ற திருத்தம்: இதை யோசியுங்கள். வட்டாரச் சொல் புரியவில்லை என்றால் அதை நீக்காமல், அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாக்கியத்தைச் சரிசெய்தால் போதும். மூன்றாவது, பயத்தால் வந்த திருத்தம். 'சாதிப் பெயர் வேண்டாம்', 'ஆயர் என்று சொல்லாமல் பெரியவர் ஒருவர் என்று போடலாமே', 'முடிவில் கொஞ்சம் நம்பிக்கை கொடுங்கள்' - இவை மொழித் திருத்தம் போல வேஷம் போட்டு வரும். இதற்கு ஒரே வழி, காரணத்தை எழுத்தில் கேட்பது. வாய்ப்பேச்சில் அன்பாகச் சொல்லப்படுவதை எழுத்தில் சொல்லப் பலரால் முடியாது. அங்கேயே பாதித் திருத்தம் உதிர்ந்துவிடும்.

நான்காவது, அனுமதி. கத்தோலிக்கச் சூழலில் எழுதுகிறவர்கள் எதை எழுதினாலும் ஆயரின் அச்சு அனுமதி வேண்டும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியல் 1966-லேயே சட்ட வலு இழந்துவிட்டது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 827-ஆம் விதிப்படி மறைக்கல்வி நூல், மறையியல் பாடநூல் போன்றவற்றுக்குத்தான் அனுமதி கட்டாயம். கோயிலில் வைத்து விற்கும் சமய நூலுக்கும் அனுமதி வேண்டும். உங்கள் நாவலுக்கும் சிறுகதைக்கும் அது பொருந்தாது. துறவிகள் சமயம், ஒழுக்கம் பற்றி எழுதினால் சபைத் தலைவரின் இசைவு தேவை, அது வேறு. இன்னொன்று: 830-ஆம் விதிப்படி, அனுமதி மறுத்தால் அதற்கான காரணத்தை ஆசிரியருக்குத் தெரிவிக்கவேண்டும். இதைத் தெரிந்து வைத்திருக்கிற எழுத்தாளருக்கு வருகிற பதில் வேறு மாதிரி இருக்கும்.

ஐந்தாவது, ஒப்பந்தம். 'ஊழியத்துக்குத்தானே, எழுத்து எதுக்கு?' என்று கேட்பார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருஷம் என்று குறிப்பிடாவிட்டால் 5 வருஷம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். 'என்றென்றைக்கும்' என்று அச்சிட்ட தாளில் யோசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் சம்பளத்தில் இருக்கும் ஊழியராக, வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், உரிமை நிறுவனத்துக்குப் போய்விடும். சபைப் பத்திரிகை ஊழியர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஆனால் 57-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. உரிமையை விற்றபிறகும், எழுதியவர் நான்தான் என்று சொல்லவும், உங்கள் பெயருக்குக் கேடு வரும்படி பிரதியைச் சிதைத்தால் தடுக்கவும் உங்களுக்கு அதிகாரம் உண்டு. பணமும் பேசுங்கள். எத்தனை பிரதி அச்சடிக்கிறார்கள், விலை என்ன, ராயல்டி எவ்வளவு, நீங்களே அச்சுச் செலவு கொடுப்பதானால் மிச்சப் பிரதிகள் யாருடையவை - கேட்பது பாவமில்லை.

ஆறாவது, பெயர். இது தலித் கிறித்தவர்களுக்கு மட்டும் உள்ள கேள்வி. இதை எந்த எழுத்துப் பயிற்சி முகாமிலும் சொல்லித் தருவதில்லை. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது, 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறித்தவர்கள் சேர்க்கப்படவில்லை. 2024 நவம்பரில், முழுக்குப் பெற்றுக் கோயிலுக்குப் போய்வந்த புதுச்சேரிப் பெண் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது என்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த நிலையில் உண்மைப் பெயர், ஊர், புகைப்படத்தோடு வரும் ஒரு சாட்சி நூல் என்னவாகிறது? சபைக்கு அது சாட்சி. தாசில்தாருக்கும் அது சாட்சிதான். எழுதியவரின் தம்பி வேலையும் மகள் படிப்பும் அந்தப் பின்னட்டையில் தொங்கலாம். எழுதாதே என்று சொல்லவில்லை. புனைபெயரில் எழுதலாமா, ஊர்ப் பெயரை மாற்றலாமா, வீட்டார் சம்மதிக்கிறார்களா என்பதை அச்சுக்குப் போவதற்குமுன் முடிவு செய்யவேண்டும். 'விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கையிடுங்கள்' என்று அழுத்துகிற எடிட்டரிடம் இந்தச் சட்ட நிலையைச் சொல்லுங்கள். அவர் வீட்டில் யாருக்கும் சான்றிதழ் சிக்கல் இருக்காது.

5

கடைசியாக எடிட்டர்களுக்கு. உங்களில் பலர் நல்லவர்கள், குறைந்த சம்பளத்தில் நிறைய ப்ரூஃப் பார்க்கிறவர்கள். தரங்கம்பாடியில் காகிதம் போதாமல் எழுத்தையே சிறிதாக வார்த்து அச்சடித்த காலத்திலிருந்து உங்கள் தொழில் நெருக்கடிக்குள்தான் நடக்கிறது. நன்கொடை தருகிறவர், ஆயர், வாசகர் மூவரையும் நீங்கள் சமாளிக்கவேண்டியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 1761-இல் புதுச்சேரியில் பறித்த அச்சு இயந்திரம் வேப்பேரிக்கு வந்தபோது, அரசாங்க வேலையையும் செய்து தரவேண்டும் என்ற நிபந்தனையோடுதான் பப்ரிசியஸ் கைக்கு வந்தது. நிபந்தனை இல்லாத இயந்திரம் எங்கேயும் இல்லை. சிறுபத்திரிகைக்கும் நிபந்தனை உண்டு. நமக்குத் தெரியாத மாதிரி நடிக்கிறோம்.

ஆனால் ஒன்றைச் செய்யமுடியும். ஒரு கைப்பிரதி வந்தால், நீக்கியதைத் தனித்தாளில் எழுதி, ஏன் நீக்கினீர்கள் என்று ஒரு வரி சேர்த்து, எழுதியவருக்கு அனுப்புங்கள். அந்தத் தாளின் ஒரு நகலை உங்கள் கோப்பிலும் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷத்துக்கு அந்தத் தாள்களைச் சேர்த்து வைத்தால், தமிழ்க் கிறித்தவம் தன்னைப் பற்றி எதைச் சொல்லக் கூசுகிறது என்பதன் வரலாறு உங்கள் அலமாரியிலேயே கிடைக்கும். எழுதுகிறவர்களும் தங்கள் மூலப் பிரதியை எடிட்டரிடம் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பவேண்டாம். ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.